வெள்ளிக்கிழமை தெரிந்த கம்ப்யூட்டர்

மணிமொழி பெங்களூருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே ஏதோ பெரிய கம்பெனியில் வேலை. மாதம் ஒருமுறை போன் செய்வாள். ஆனாலும் செங்கம் ரோட்டில் பழைய ஸ்கூட்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பினால், அரிசி அளந்துகொண்டிருக்கிற என் கை நின்றுவிடுகிறது. எத்தனையாவது படி என்பது மறந்துபோய், கொட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து அளக்கிறேன்.

ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் விடுதி. ஒரு தர்ம டிரஸ்ட் நடத்துகிறது. மேலே யாத்திரிகர்களுக்கு அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம். நான் அங்கே ஸ்டோர் பார்க்கிறவள். சமையலுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதும், சாயங்காலம் ஆபீஸ் அறையில் சாமி படத்துக்கு விளக்கேற்றுவதும் என் பொறுப்பு. படிப்பு அஞ்சாவது வரைக்கும்தான். கம்ப்யூட்டரைப் பற்றி இங்கே நான் எழுதுவதில் பிழை இருந்தால் அது என்னுடையது. மணிமொழி சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் அடி அண்ணாமலை கிராமத்துப் பெண். அப்பா அரை ஏக்கரில் சாமந்தி போடுகிறவர். டவுனில் பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததும் திரும்பி வந்துவிட்டாள். அம்மா எழுந்து நடக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் இந்த ரோட்டிலிருக்கிற லாட்ஜ், கஃபே எல்லாவற்றின் கம்ப்யூட்டரும் இவள் கைக்கு வந்துவிட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால், "மெக்கானிக் வரலியாம்மா?" என்று அவள் பின்னால் எட்டிப் பார்ப்பார்களாம். "வந்துட்டாங்க, உள்ள விட்டீங்கனா வேலையப் பாப்பாங்க" என்பாளாம்.

அவள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கும். வந்ததும் பெட்டியைத் திறக்க மாட்டாள். முதலில் எங்களிடம் வந்து உட்கார்ந்து கேட்பாள். என்றைக்கு ஆரம்பித்தது, அன்றைக்கு யார் இருந்தது, கரண்ட் போச்சா, புதுசாக ஏதாவது செருகினீர்களா. எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி இருக்கும். பாதி நாள் அந்தக் கேள்வியிலேயே கோளாறு அகப்பட்டுவிடும்.

எங்கள் ஆபீஸில் யாரோ பக்தர் கொடுத்த பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆட்கள் வருகிற நேரமும் போகிற நேரமும் அதில்தான் ஏறும். சமையல்கட்டு வாசலில் ஒரு சின்னப் பெட்டி. அதில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து 'தேங்க்யூ' என்று சொல்லும். நேரம் காட்டுகிற அதன் கண்ணாடி, சமையல் ஆவி பட்டு எப்போதோ கறுத்துப்போய்விட்டது. அந்த வருகைப்பதிவு ரொம்பப் பழைய காலத்து ஏற்பாடு, புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் மணிமொழி பெரிய கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி வைத்திருந்தாள். வர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். கையால் தொட முடியாது. திரையில் ஒரு கட்டம் திறக்கும், அந்தக் கட்டத்துக்குள் அது தனியாக வேலை செய்துகொண்டிருக்கும். விரல் வைத்த நேரத்தைக் குறிப்பதும் அதுதான்.

"பெரிய வீட்டுல உள்ளறையில ஒருத்தர் குடியிருக்கற மாதிரிக்கா. ஜன்னல் கெடையாது" என்று சொன்னாள்.

"ஜன்னல் இல்லனா பொழுது விடிஞ்சது எப்படித் தெரியும்?"

"எழுந்திருக்கும்போது வீட்டுக்காரங்களக் கேட்டுக்கும். அப்புறம் தானா எண்ணிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுனு."

பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சமையல்கட்டில் காசியம்மாள் என்று ஒருத்தி. அவளும் அடி அண்ணாமலைதான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட்ட கணவர். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள், ஆனால் இரண்டரைக்கு அவளும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஆகையால் காசியம்மாள் காலை ஆறு மணிக்கு வந்து, மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு விரலை வைத்துவிட்டு, இரண்டு பத்து ஷேர் ஆட்டோவைப் பிடிப்பாள். மற்றவர்கள் வேலை இரண்டு மணியோடு முடிந்தாலும் சாப்பிட்டு, பேசி, கால் நீட்டி உட்கார்ந்து, மூன்று மணிக்குத்தான் எழுவார்கள்.

அந்த வருடம் புகழேந்தி என்று புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. எழுதியிருப்பதை நம்புகிறவர். மூன்று மாதப் பதிவை அச்செடுத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார். சாம்பார் இறக்குகிற நேரம், எல்லாரும் இருந்தோம்.

"காசியம்மா, ஞாயிறு, திங்கள் ஒழுங்கா இருக்கீங்க. செவ்வாக்கெழமைல ஆரம்பிச்சு நாளுக்கு நாள் முன்னாடி கெளம்பறீங்க. சனிக்கெழமை ஒண்ணரை மணிக்கே போயிட்டிருக்கீங்க. சாமிக்குப் பண்ற வேலைல இப்படி ஏமாத்தலாமா?"

"நான் ரெண்டு மணிக்குத்தான் சார் போறேன்."

"மிஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றேன்றீங்களா?"

அவர் தாளை மடித்துக்கொண்டார். பௌர்ணமிக் கூட்டம் முடிகிற வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் காரணம் தெரியாவிட்டால் அவளை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பௌர்ணமிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. காசியம்மாள் அழவில்லை. கரண்டியைக் கழுவினாள், கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள். மற்றப் பெண்கள் அவளை நேராகப் பார்க்காமல் வேலை செய்தார்கள். வேலை போவதைவிட அவர்கள் அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் அவளைத் தின்றது. வெளியே இதைவிடக் கஷ்டமான வேலையும் அவளுக்குக் கிடைக்கும். திருட்டுத்தனமாகப் போகிறவள் என்கிற பேரோடு அந்த ஷேர் ஆட்டோவில் ஊராரோடு எப்படி உட்காருவாள்?

நான்தான் மணிமொழிக்குப் போன் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். வழக்கம்போல நோட்டை எடுத்து எல்லாரையும் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன் போனை அதன் பக்கத்தில் வைத்து இரண்டு நேரத்தையும் பார்த்தாள். பெரிய கம்ப்யூட்டரில் நேரம் சரியாக இருந்தது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் பின்னால் இருந்தது.

புகழேந்தி சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அச்செடுத்த தாளையும் புரட்டினாள்.

"சார், நீங்க போற நேரத்த மட்டும் பாத்திருக்கீங்க. வர நேரத்தப் பாருங்க. சனிக்கெழமை எல்லாரும் அஞ்சரைக்கே வந்துட்டாங்களாம். உங்க சமையல்கட்டுல சனிக்கெழமைனா அவ்ளோ சுறுசுறுப்பா?"

ஆபீஸ் கிளார்க் அருள்ராஜ் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. "இன்னிக்குத் தப்பா இருக்கு, ஒத்துக்கறேன். மூணு மாசமா இப்படித்தான் இருந்துச்சுனு டிரஸ்ட்டிங்க கேட்டா நான் இன்னா காட்டறது? காரணத்தக் கண்டுபிடிச்சுக் குடு."

அன்றிலிருந்து அவள் தினம் வந்தாள். அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. காலையில் ஸ்டோர் வழியாக நுழைவாள். நான் கொடுக்கிற காபியைக் குடித்துக்கொண்டே முந்தின நாள் நடந்ததைச் சொல்வாள். ஒரு வருடத்தில் நான் அவ்வளவு பேச்சுக் கேட்டதில்லை.

முதலில் உள்ளே இருக்கிற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சந்தேகப்பட்டாள். அது நன்றாக இருந்தது. அப்புறம், வேலை ஜாஸ்தியாகி உள் கம்ப்யூட்டருக்கு எண்ணிக்கை தவறுகிறது என்று நினைத்து, பெரிய கம்ப்யூட்டருக்கு நினைவுச் சக்தியைக் கூட்டும் பட்டை ஒன்று வாங்கிப் போட்டாள். வேகம் கூடியது, நேரம் மாறவில்லை. ஒரு நாள் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்து ஒரு மணிக்கு ஒருமுறை குறித்தாள். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் ஒரு வினாடிகூடத் தவறவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பிப் போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நாலு நிமிஷம் குறைந்திருந்தது.

"பகல்ல ஒழுங்கா இருக்குக்கா. நான் போனப்புறம்தான் தூங்குது" என்றாள்.

"அசதியா இருக்கும்" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஏன் சரியாகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அன்றைக்கு அருள்ராஜ் எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, மறுபடி போடுவார். போட்டதும் உள் கம்ப்யூட்டர் வெளியே இருப்பதிடம் நேரம் கேட்டுக்கொள்ளும். அப்புறம் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும்.

அப்படியானால் தினம் விட்டுப்போகிறது எவ்வளவு? பெரிய கம்ப்யூட்டரின் குறிப்பில் இரண்டு கம்ப்யூட்டரின் நேரமும் தினம் பதிவாகியிருந்தது, அதிலிருந்து அவள் மூன்று மாதக் கணக்கை நோட்டில் நாள் நாளாக எழுதினாள். நான் பக்கத்தில் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அருள்ராஜ் அண்ணா, இங்க வாங்க. தெனம் நாலு நிமிஷம் போவுது. வெள்ளிக்கெழமை மட்டும் பன்னெண்டு."

"கரண்ட் பிரச்சனையா இருக்கும்மா."

"கரண்ட்டுக்கு வெள்ளிக்கெழமை தெரியுமா? மெஷினுக்குத் தெரியுமா? இதப் பாருங்க. நடுவுல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஒரு நாள் இருபது நிமிஷம் போவுது. அது கெழமைக் கணக்கு இல்ல."

அருள்ராஜ் தினக் காலண்டரை எடுத்து வந்து தேதிகளைப் பார்த்தார். "இதெல்லாம் பிரதோஷம்மா" என்றார்.

மணிமொழி அந்தத் தேதிகளை நோட்டில் வட்டம் போட்டாள். நான் ஒருத்தி, அண்ணாமலையார் ஊரில் கம்ப்யூட்டர்கூடப் பிரதோஷம் பார்க்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அன்றைக்கு அவள் ஐந்தரைக்குக் கிளம்பவில்லை. ஆபீஸ் அறை மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆறு மணிக்கு நான் தட்டோடு வந்தேன். சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். ஊதுவத்தி காட்டினேன். ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்ததிலிருந்து, அந்தக் கம்ப்யூட்டருக்கும் தினம் ஒரு சுற்றுக் கற்பூரம் காட்டுவது என் வழக்கம். இத்தனை பேர் சோற்றுக்கும் அது கணக்கு வைக்கிறது, அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா. தீபாராதனை நேரத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கும். கோயிலில் ஆரத்தி காட்டும்போது நாம் பேச்சை நிறுத்துகிறோம் இல்லையா. இதை அருள்ராஜிடம் ஒருமுறை சொன்னபோது, கட்டத்தின் மேலே நிற்கிற இரண்டு கோட்டைக் காட்டி, "இத அமுக்குனா அது கம்முனு இருக்கும்க்கா, மறுபடி அமுக்குனா ஓடும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

அன்றைக்கும் அமுக்கினேன். கட்டம் மங்கிப்போய் நின்றது. கற்பூரம் காட்டி, பதிகம் பாடினேன். சாதாரண நாளில் ஒன்று, வெள்ளிக்கிழமை மூன்று, பிரதோஷத்தில் எனக்குத் தெரிந்த எல்லாம்.

மணிமொழி எழுந்து நின்று கைகூப்பியிருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. தட்டில் ஒற்றிக்கொண்டு, திருநீறு வைத்துக்கொண்டாள். நான் மறுபடி அமுக்கிக் கட்டம் வெளிச்சமானதும், போனைப் பார்த்தாள்.

"எத்தன நாளாக்கா இப்படிப் பண்றீங்க?"

"ஆயுத பூஜையிலருந்து. ஏம்மா?"

என்னை உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னாள். அமுக்கினால் உள் கம்ப்யூட்டர் எண்ணுவதை நிறுத்திவிடும். தான் தூங்கினதே அதற்குத் தெரியாது. எழுப்பினதும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். நான் பாடின நாலு நிமிஷமும் அதற்கு இல்லவே இல்லை.

தட்டை மேசையில் வைத்தேன். காசியம்மாள் தினம் என் கண் எதிரில் இரண்டு மணிக்குப் போனவள். அவள் தலையில் அந்தப் பேரை ஏற்றியது என் பதிகம்.

"நான் போய் சார்கிட்ட சொல்லிடறேன்" என்று எழுந்தேன்.

"இருங்கக்கா. என் தப்பும் இதுல இருக்கு, அதையும் சேத்துச் சொல்லணும்." அவள் முகம் சிவந்திருந்தது. "உள்ள இருக்கறது ஓடிட்டிருக்கும்போதும் அப்பப்ப வெளிய நேரம் கேட்டுக்கணும். நான்தான் அத நிறுத்தி வச்சேன். போன வருஷம் பேட்டரி தீந்துபோய்ப் பெரிய கம்ப்யூட்டர்ல வருஷமே தப்பா ஆச்சே, அப்ப பதிவெல்லாம் கெட்டுடும்னு நிறுத்தினேன். பேட்டரி மாத்தினப்புறம் திருப்பிப் போட மறந்துட்டேன். ரெண்டு வாரமா ஊரெல்லாம் தேடறேன், இது எனக்கு ஞாபகம் வரல."

இரண்டு பேரும் சார் அறைக்குப் போனோம். நான் சொல்ல ஆரம்பித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்ப்யூட்டருக்குக் கற்பூரமா? ஏம்மா, படிச்சவங்க நடமாடற எடத்துல..."

"சார்," என்று மணிமொழி குறுக்கிட்டாள், "ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சது நீங்கதானே. அக்கா கற்பூரத்தால ஒண்ணும் ஆவல. நான் செஞ்சுவச்சத சரியா செஞ்சிருந்தா, அக்கா விடிய விடியப் பாடினாலும் நேரம் தப்பாது. காரணம் எழுதித் தரேன். என் பேரப் போட்டே தரேன்."

"உன் பேரப் போட்டா டிரஸ்ட்டிங்க அடுத்த வருஷம் உனக்கு வேலை குடுப்பாங்களா?"

"அது அவங்க இஷ்டம் சார். காசியம்மாக்கா பேர எடுங்க."

அவள் அன்றைக்கே எழுதிக்கொடுத்தாள். ஒரு தாள்தான். கீழே நானும் கையெழுத்துப் போடுவேன் என்று அடம் பிடித்துப் போட்டேன். உள் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே நேரம் கேட்கிற மாதிரி மாற்றினாள். மூன்று மாதப் பதிவில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நிமிஷம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டாள். கூட்டிப் பார்த்தால் காசியம்மாள் ஒரு நாள்கூட இரண்டு மணிக்கு முன்னால் போகவில்லை. புகழேந்தி சார் பட்டியலை விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். எழுதியிருந்ததால் நம்பினார்.

மறுநாள் மத்தியானம், பந்தி முடிந்து பாத்திரம் தேய்க்கிற நேரத்தில், காசியம்மாளைத் தன் அறைக்கு வரச் சொல்லி அருள்ராஜை அனுப்பினார். நான்தான் அவளிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "உனக்கென்னக்கா தெரியும்" என்று மட்டும் சொன்னாள். மனசிலிருந்து சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை.

அருள்ராஜிடம் அவள் சொன்னாள்: "ரூமுக்கு நான் வரலன்னு சொல்லு. இங்க வச்சுத்தானே சொன்னாரு. இங்கயே வந்து சொல்லட்டும்."

"ஏம்மே, அவரு மேனேஜரு."

"நான் வேணாம்னா சொன்னேன்?"

இவளாகவே இருக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் புகழேந்தி சார் வந்தார். வழுக்குகிற தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்டாக்களுக்கு நடுவில் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. காசியம்மா மேல தப்பு இல்ல. நேரம் தப்பா ஏறிடுச்சு. நான் விசாரிக்காம சொன்னது தப்புதான். அவங்க எப்பவும்போல ரெண்டு மணிக்குப் போலாம்."

காசியம்மாள் தேய்த்துக்கொண்டிருந்த தட்டை நிமிர்த்தி வைத்தாள். "சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவர் போன பிறகு மற்றப் பெண்களை ஒருத்தி விடாமல் பார்த்தாள். அவர்களும் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, "சனிக்கெழமை அஞ்சரைக்கே வந்துட்டோமாமே நாம, அத யாரும் மெச்சலையே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். காசியம்மாளும் சிரித்தாள். பதினாறு நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன்.

மணிமொழி கூடத்தில் கடைசி ஆளாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். காசியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவளுக்குத் தானே பரிமாறினாள். போதும் போதும் என்று அவள் கையால் மறைக்க மறைக்கக் கூட்டு வைத்தாள்.

"நாளைக்கும் வருவியா?"

"வேல முடிஞ்சிடுச்சுக்கா."

"வேல இருந்தாதான் வருவியா? பெரிய கலெக்டரு."

டிரஸ்ட்டிகள் அடுத்த வருடம் வேறு ஆளைத்தான் போட்டார்கள். மணிமொழி அதற்கு வருத்தப்பட்டதாகச் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆனால் காசியம்மாள் பரிமாறினதற்கு மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள். பையும் கொண்டுவரவில்லை, நோட்டும் கொண்டுவரவில்லை. ஆபீஸ் பக்கம் போகாமல் நேராகச் சமையல்கட்டுக்குள் வந்து, முட்டைக்கோஸ் நறுக்குகிற பெண்களுக்கு நடுவில் ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.